சின்ன வண்டியும் இருநூறு மைலும்

காலை 5.20. ஆர்.எஸ்.புரம்.

புறப்படும்போதே ஒரு சாப்பாட்டுத் தூக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. எங்கள் வண்டி அவ்வளவு சின்னது. கதவு இரண்டுதான். பின் சீட்டில் ஒருவர் ஏற வேண்டுமானால் முன் சீட்டில் இருப்பவர் முதலில் இறங்கி, சீட்டை முன்னால் மடக்கி, ஓரமாக நின்று வழிவிட வேண்டும். சென்னையில் செய்து விற்பனைக்கு வந்திருக்கும் புது மாடல். பெயரைச் சொன்னால், கம்பெனிக்காரர்களிடம் ஏதோ வாங்கிக்கொண்டு எழுதுகிறேன் என்பார்கள். அதனால் சின்ன வண்டி என்றே எழுதுகிறேன்.

ஓட்டுவது என் மனைவி தேவகி. நான் கல்லூரியில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவன், வண்டி ஓட்டுவதில்லை. ஒரே ஒரு முறை ஓட்டினேன். பக்கத்து வீட்டு மதிலில் புதுச் செங்கல் வைத்துக் கட்டிய இடம் இன்றைக்கும் தனியாகத் தெரிகிறது. எனவே இந்தப் பயணத்தில் என் வேலை மடியில் வரைபடமும், கையில் கடிகாரமும் வைத்துக்கொண்டு வழி சொல்வது மட்டும்தான்.

போகிற இடம் எங்கேயுமில்லை. கோயமுத்தூரில் கிளம்பிக் கோயமுத்தூருக்கே திரும்பி வர வேண்டும். நடுவில் இருநூறு மைல். இதற்கு மோட்டார் ராலி என்று பெயர். ரேஸ் என்று நினைத்துவிடக் கூடாது. வழியில் மேட்டுப்பாளையம், ஆசனூர், கோபி, பெருந்துறை என்று ஊர் ஊராக ஒரு மேஜை போட்டு, கடிகாரத்தோடு ஆள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு மேஜையிலும் எத்தனை மணிக்கு நம் நேரம் குறிக்கும் அட்டையை நீட்ட வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு நிமிஷம் பிந்தினால் ஒரு மார்க் போகும். ஒரு நிமிஷம் முந்தினால் இரண்டு மார்க் போகும். அரை மணிக்கு மேல் பிந்தினால் ஆட்டத்திலேயே இல்லை. குறைவாக இழந்தவருக்குக் கோப்பை.

எங்களுக்குக் கோப்பை முக்கியமில்லை. வண்டிதான் முக்கியம்.

அதைச் சொல்ல வேண்டுமானால் என் மச்சான் பழனிச்சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேவகியின் ஒரே அண்ணன். பீளமேட்டில் பம்புசெட் பவுண்டரி வைத்திருக்கிறார். ஆள் ஆறடி, எடையும் அதற்குத் தக்கபடி. எங்கள் சின்ன வண்டி அந்தப் பவுண்டரியின் பெயரில்தான் இருக்கிறது. மாமனார் போன தீபாவளிக்குக் கொடுத்தது. தேவகி அதை ஓட்டிக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் காரமடைத் தோட்டத்துக்குத் தனியாகப் போய் வருகிறாள். வாழைக்குத் தண்ணீர் விடுவதிலிருந்து தேங்காய் போடுவது வரை அவள் பொறுப்பு. அதுதான் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அது காரா கண்ணு? தகர டப்பா. ஒரு லாரி ஒரசுனா என்ன ஆவறது?" என்று ஆறு மாதமாக ஒரே பாட்டு. அதை விற்றுவிட்டு, ஒரு பெரிய கார் பழையதாக வாங்கி, டிரைவரையும் போட்டுத் தருகிறேன் என்றார். டிரைவர் வந்தால் தேவகி பின் சீட்டுக்குப் போக வேண்டியதுதான். டிரைவருக்கு ஒழிந்த நாளில்தான் தோட்டம்.

கடைசியில் தேவகிதான் பந்தயம் கட்டினாள். "ராலியிலே நீங்களும் வாங்கண்ணா, உங்க பெரிய வண்டியோட. நானும் இதுல வாரேன். இது இருநூறு மைலும் ஓடி நேரத்துக்கு வந்து சேந்துதுன்னா எனக்கு. இல்லாட்டி வித்துப்போடுங்க." பிணையாக வண்டியின் இரண்டாவது சாவியைக் கொடுத்தாள். மச்சான் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

காலை 6.12. வ.உ.சி. மைதானம்.

இருபத்திரண்டு வண்டிகள். ஜீப்பு நாலு, ரேக்ளா மாதிரி மேல்மூடி இல்லாத ஒன்று, மிச்சமெல்லாம் பெரிய பெரிய கார்கள். எல்லாவற்றையும்விடச் சின்னது எங்களுடையதுதான். பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து உள்ளே பார்த்து, "ஏனுங்க, இதுல கால நீட்ட முடியுங்களா?" என்று அக்கறையோடு கேட்டார். முடியாது என்று உண்மையைச் சொன்னேன்.

நிமிஷத்துக்கு ஒரு வண்டியாக விட்டார்கள். மச்சானுக்குப் பதினோராம் எண், எங்களுக்குப் பன்னிரண்டு. அவருடையது அமெரிக்கக் கார், எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். அவரே ஓட்டினார், வழி சொல்லப் பவுண்டரி டிரைவர் ஆறுமுகம். கிளம்புவதற்கு முன் மச்சான் இறங்கி வந்து என்னிடம், "மாப்பிள்ளை, நீங்க வேணும்னா நம்ம வண்டியில வந்துருங்க. காலை நீட்டி உக்காந்துட்டு வரலாம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். தேவகி கியரைப் போட்ட சத்தத்தில் என் பதில் யாருக்கும் கேட்கவில்லை.

காலை 7.04. மேட்டுப்பாளையம், 23 மைல்.

துடியலூர் தாண்டியதும் பாதை நேராக இருந்தது. காரமடையில் கோயில் கோபுரத்தின் மேல் வெயில் பட்டுக்கொண்டிருந்தது. தேவகிக்குப் பழகிய சாலை; எந்தப் புளியமரத்தடியில் குழி என்பது அவளுக்கு மனப்பாடம். மூன்று நிமிஷம் முன்னதாகவே மேட்டுப்பாளையம் வந்துவிட்டோம். மேஜைக்கு இருபது கஜம் முன்னால் நிறுத்தி நேரத்துக்குக் காத்திருப்பதற்கு அனுமதி உண்டு. நான் இறங்கி அட்டையோடு மேஜைக்கருகில் போய் நின்றேன். எனக்கு எழுதியிருந்தது 7.07. மச்சானுக்கு 7.06. அவரும் அட்டையோடு நின்றிருந்தார்.

7.06 ஆயிற்று. மச்சான் அட்டையை நீட்டினார். நீட்டியவர் என்னைப் பார்த்ததும் கையை மடக்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளை, நீங்க குடுங்க."

"இல்லீங்க மச்சான், உங்களுதுதான் மொதல்ல."

"அதெப்படீங்க? நீங்க நிக்கறப்ப நான் குடுக்கறதுங்களா? குடுங்க."

"எனக்கு இன்னும் ஒரு நிமிஷம் இருக்குதுங்க."

"அட, குடுங்க மாப்பிள்ளை. நாலு பேர் பாக்கறாங்க."

எங்கள் பக்கத்தில் தங்கையின் கணவனுக்கு என்ன மரியாதை என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் விளங்காது. கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாயிற்று. இதுவரை என் இலையில் பரிமாறுவதற்கு முன் மச்சான் ஒரு கவளம் வாயில் வைத்ததில்லை. எனக்கு முன்னால் வாசற்படி தாண்டியதில்லை. காரில் முன் சீட்டு எனக்குத்தான். வண்டி ஓட்டத் தெரியாத என் கையில்தான் தீபாவளியன்று மாமனார் வாங்கிக் கொடுத்த இந்த வண்டியின் சாவியையும் வைத்தார். நான் அதை அப்படியே தேவகியிடம் கொடுத்தேன். இப்படி வளர்ந்தவர் ராலி மேஜையில் மட்டும் மாறிவிடுவாரா? நானும் அவரைவிட வயதில் சின்னவன், அவர் கை மடங்கியே இருக்கிறது, மேஜைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கிறார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அட்டையை நீட்டிவிட்டேன். மேஜைக்காரர் 7.06 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மச்சான் நிம்மதியாகத் தன்னுடையதைக் கொடுத்தார். அவருக்கும் 7.06. அவருக்கு நஷ்டமில்லை. எங்களுக்கு ஒரு நிமிஷம் முந்தியதற்காக இரண்டு மார்க் போயிற்று.

வண்டிக்குத் திரும்பி வந்து சொன்னபோது தேவகி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் இருபத்திமூணு மைல் நிமிஷம் பிசகாம ஓட்டிட்டு வந்தனுங்க. நீங்க இருபது கஜம் நடந்து போயி ரெண்டு மார்க்கைத் தொலைச்சுப்போட்டு வந்திருக்கறீங்க."

"உங்க அண்ணன்தான்..."

"சாயங்காலம் மூணே முக்கால் வரைக்கும் எங்க அண்ணனுக்கு நீங்க மாப்பிள்ளை இல்லீங்க. உங்களுக்கு அவர் மச்சானும் இல்லை. அவர் பதினொண்ணு, நீங்க பன்னெண்டு. அவ்வளவுதான்."

சரி என்றேன். அவள் வண்டியைச் சிறுமுகைப் பக்கம் திருப்பினாள்.

காலை 8.19. சத்தியமங்கலம், 53 மைல்.

இந்த முறை மச்சான் மேஜையருகில் நிற்பதைப் பார்த்ததும் நான் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைத் தேடுவது தெரிந்தது. ஆறுமுகம் அவர் கையைப் பிடித்து அட்டையை நீட்ட வைத்தான். அவர் போன பிறகு நான் வெளியே வந்து சரியாக 8.19-க்கு நீட்டினேன். கல்லூரியில் மாணவர்கள் என்னைப் பார்த்து மரத்துக்குப் பின்னால் ஒளிவதுண்டு. அவர்கள் படும் பாடு அன்றைக்குத்தான் புரிந்தது.

பண்ணாரி அம்மன் கோயில் அங்கிருந்து எட்டு மைல். ராலி புத்தகத்தில் 'பண்ணாரி, நிறுத்தம் ஐந்து நிமிடம்' என்று அச்சிட்டிருந்தார்கள். அச்சிடாவிட்டாலும் எல்லாரும் நிறுத்தத்தான் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அம்மனைக் கும்பிடாமல் திம்பம் மலையேறும் டிரைவரை நான் இதுவரை பார்த்ததில்லை. இருபத்திரண்டு வண்டிக்காரர்களும் வரிசையில் நின்று, அங்கே திருநீறாகக் கொடுக்கும் புற்றுமண்ணை வாங்கினோம். தேவகி வண்டிக்கும் நெற்றியில் இட்டாள்.

காலை 8.50. திம்பம் மலைப்பாதை.

இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. பாதை மேலே போகப் போகக் குளிர் ஏறும். கீழே திரும்பிப் பார்த்தால் நாம் வந்த சாலை நூல் சுற்றிய மாதிரி மடிந்து மடிந்து கிடக்கும். எதிரே மூங்கில் லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். பெரும்பாலும் மேலே ஏறுகிறவர்தான்.

சின்ன வண்டியால் ராலி ஓட முடியுமா என்று கேட்டவர்களை நான் இந்த மலைக்குக் கூட்டிவர விரும்புகிறேன். இந்த வண்டிக்கு முன் சக்கரம் மற்ற வண்டிகளைவிட அதிகம் திரும்பும். தேவகி ஸ்டியரிங்கை முழுக்க ஒடிப்பாள். வண்டி நின்ற இடத்திலேயே சுற்றுவது போல வளைவில் வந்துவிடும். ஒரு வளைவிலும் பின்னால் போகவில்லை. சக்தி குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது கியரில் முனகிக்கொண்டுதான் ஏறியது. ஆனால் நிற்காமல் முனகியது. பெரிய வண்டிகள் ஒவ்வொரு வளைவிலும் பாதி திரும்பி, நின்று, பின்னால் வந்து, மறுபடி திரும்பி, இப்படி மூச்சு வாங்கின. பதினோராவது வளைவில் மச்சானைப் பிடித்துவிட்டோம். அவர் ஓரமாக நின்று எங்களுக்கு வழி விட்டார். வழி விட்டதோடு ஜன்னல் வழியே என்னைப் பார்த்துக் கையும் கூப்பினார். நான் வரைபடத்தைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன்.

இருபதாவது வளைவில் மரத்தடியில் நிறுத்தி வண்டிக்கு மூச்சு விடக் கொடுத்தோம். மச்சானின் கார் ஆவி பறக்க வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஆறுமுகம் தண்ணீர்த் தகரத்தை எடுத்துப் பார்த்தான். கொண்டுவந்த தண்ணீரெல்லாம் பதினைந்தாம் வளைவிலேயே ஊற்றித் தீர்ந்திருந்தது. தேவகி எங்கள் பித்தளைக் கூஜாவை எடுத்து நீட்டினாள். எட்டுப்படித் தண்ணீர் பிடிக்கும் வாய்க்கு அது எம்மாத்திரம்? இருந்தாலும் மச்சான் அதை வாங்கி, ஆவி விடும் ரேடியேட்டருக்கு எதிரே நின்றுகொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"மாப்பிள்ளை, நீங்க தண்ணி குடிச்சுட்டீங்களா?"

தேவகி சிரித்துவிட்டாள். மேட்டுப்பாளையத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள்.

காலை 9.36. ஆசனூர், 77 மைல்.

சரியான நேரம். மேஜைக்காரர் கம்பளிக் குல்லாய் போட்டிருந்தார். கடையில் காப்பி பதினைந்து காசு, சூடு மட்டும் நிறைய இருந்தது. மச்சான் நாலு நிமிஷம் பிந்தி வந்தார். அவருக்குப் போன முதல் மார்க்குகள் அவை. அதே பாதையில் திரும்பி இறங்கினோம். இறங்கும்போதுதான் பெரிய வண்டியின் கனம் அதற்கே எதிரி என்று தெரிந்தது. பிரேக் காய்ந்த வாசனை ஒவ்வொரு வளைவிலும் காற்றில் வந்தது. எங்களுடையது காகிதம் போல இறங்கியது.

காலை 11.26. கோபிசெட்டிபாளையம், 117 மைல்.

சாப்பாட்டுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம். வாய்க்கால் பாசன வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாக இருந்தன. ஓட்டலில் சாப்பாடு எழுபத்தைந்து காசு. ஒரே மேஜையில்தான் உட்கார்ந்தோம். மச்சானுக்கு முன்னால் எனக்கு இலை போட்டார்கள், அப்படிப் போட வைத்தவர் மச்சான்தான். தேவகி முறைத்தாள். சாப்பாட்டு நேரம் ராலியில் சேராது என்று நான் சமாதானம் சொன்னேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த ஜீப்புக்காரர், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தேவகியிடம், "அம்மணி, அந்த வண்டியை மலையில நீங்களா ஓட்டுனீங்க?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க."

"நல்லா ஓட்டுனீங்க. ஆனா மணல் வரட்டும், பாக்கலாம்."

அவர் என்ன சொன்னார் என்பது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. பெருந்துறை தாண்டிய பிறகு விளங்கியது.

பகல் 1.32. சென்னிமலைக்கு அப்பால்.

பெருந்துறையில் 1.11-க்குச் சரியாக அட்டை கொடுத்தோம். அங்கே மச்சான் எனக்கு முன்னால் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஆறுமுகம் அவரை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததாக மேஜைக்காரர் சொன்னார்.

சென்னிமலையில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஊர் தாண்டி இரண்டு மைலில் பாதையை மறித்துப் பலகை: 'பாலம் வேலை. பள்ளத்தில் இறங்கிச் செல்லவும்.' பள்ளம் என்றால் எங்கள் பக்கத்தில் சின்ன ஆறு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் வரும். மற்ற நாளெல்லாம் மணல். முன்னால் போன பத்து வண்டிகள் அந்த மணலை உழுதுபோட்டிருந்தன. நடுப்பள்ளத்தில், பின் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்து, மச்சானின் அமெரிக்கக் கார் உட்கார்ந்திருந்தது.

பாதையை அது அடைத்துவிட்டதால் தேவகி ஓரமாகச் சுற்றி ஓட்டினாள். பதினைந்து கஜம் போனோம். பிறகு எங்கள் சக்கரமும் சுழன்றது, மணல் பறந்தது, வண்டி மெல்லக் கீழே உட்கார்ந்தது. தேவகி எஞ்சினை நிறுத்தினாள். காங்கேயம் மேஜையில் 1.57-க்கு நிற்க வேண்டும். பதினோரு மைல் இருக்கிறது. அவள் முகம் வெளுத்துவிட்டது. வண்டி போனால் போகட்டும் என்று வாய்வரை வந்ததைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அங்கேயே இறங்கி வீட்டுக்கு நடந்திருக்க வேண்டும்.

அப்போது அக்கரையில் பதினாறு பேர் வந்தார்கள். தோளில் ஒரு சப்பரம். சாமி இல்லை, வெறும் சப்பரம்தான். வண்ணம் பூசக் கொடுத்து வாங்கிக்கொண்டு மலைக்கோயிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சப்பரத்தைக் கரையில் இறக்கி வைத்தார்கள். பெரியவராக இருந்தவர் வந்து எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க, இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதானுங்க."

"எறங்குங்க அம்மணி. எங்க சாமி இதைவிடக் கனங்க."

பக்கத்துக்கு எட்டுப் பேராகக் குனிந்தார்கள். தோள் பழக்கம் உள்ளவர்களின் காரியமே தனி. ஒருவர் குரல் கொடுத்தார், பதினாறு பேரும் "அரோகரா" என்றார்கள், எங்கள் வண்டி மணலைவிட்டு எழுந்தது. அலுங்காமல் குலுங்காமல் இருபது கஜம் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் கெட்டித் தரையில் வைத்தார்கள். இன்னொரு மோட்டார் வண்டியால் இழுக்கக் கூடாது என்றுதான் ராலி புத்தகத்தில் இருக்கிறது. சாமி தூக்குகிறவர்கள் தூக்கக் கூடாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன்.

பிறகு அவர்கள் மச்சானின் காருக்குப் போனார்கள். குனிந்தார்கள். அரோகரா போட்டார்கள். கார் அசையவில்லை. மறுபடி போட்டார்கள். பெரியவர் நிமிர்ந்து, "இது சாமியில்லீங்க, கோயில். தோட்டத்துல இருந்து ரெண்டு சோடி மாடு வந்தாத்தான் ஆகும். ஒரு மணி நேரமாவும்" என்றார்.

மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணலில் நின்றார். சட்டை நனைந்திருந்தது. அரை மணி தாண்டினால் ஆட்டம் முடிந்தது என்பது அவருக்கும் தெரியும். "போ கண்ணு, நேரமாவுது. மாட்டைப் பாத்துட்டு வாரேன்" என்றார்.

தேவகி வண்டியில் ஏறினாள். ஏறியவள் இறங்கினாள்.

"அண்ணா, ஏறுங்க."

"எங்க?"

"இதுலதான். ஆறுமுகம் காரைப் பாத்துக்குவான். இந்த வெயில்ல நீங்க நிக்க வேண்டாம்."

"நான் ஏறுனா இது நகருமா கண்ணு?"

"அதையும்தான் பாத்துப்போடலாமே."

இரண்டு பேருக்குக் குறையக் கூடாது என்றுதான் விதி. கூட ஏறக் கூடாது என்று இல்லை. நான் இறங்கிச் சீட்டை மடக்கினேன். மச்சான் வழக்கம்போல, "நீங்க மொதல்ல ஏறுங்க மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தார். நான் முதலில் ஏறினால் அவர் ஏறவே முடியாது என்று விளக்குவதற்கு அரை நிமிஷம் ஆயிற்று. கடைசியில் தலையை முதலில் விட்டு, பிறகு ஒவ்வொரு காலாக, பின் சீட்டில் குறுக்காகப் போய் அடங்கினார். முழங்கால் தாடைக்கு வந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு முறை இறங்கி எழுந்தது.

பகல் 2.00. காங்கேயம், 157 மைல்.

மூன்று நிமிஷம் பிந்தினோம். மூன்று மார்க். தேவகியைக் குறை சொல்ல முடியாது. மணலில் போன நேரத்தில் பாதியை அண்ணனையும் சுமந்துகொண்டு வழியிலேயே மீட்டிருந்தாள்.

பல்லடம் போகும் வழியில் இரண்டு பக்கமும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். முள்வேலிக்குள் காங்கேயம் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. முதல் ஐந்து மைல் மச்சான் முழங்காலை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஆறாவது மைலில், "இது சீட்டா கண்ணு, பலகையா?" என்றார். பத்தாவது மைலில், "பரவால்லை, இழுக்குது" என்றார். பதினான்காவது மைலில் பஞ்சு லாரி ஒன்று நடுச்சாலையில் எங்களை மறித்துக்கொண்டு போயிற்று.

"தாண்டு கண்ணு, என்ன பாக்கறே?"

"நீங்கதானுங்கண்ணா முப்பதுக்கு மேல போகாதேன்னீங்க."

"அது நேத்து. வலது பக்கம் எடமிருக்குது பாரு. ஆரனை அடி!"

தாண்டினாள். மச்சான் பின் கண்ணாடி வழியே திரும்பி லாரியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் தேவகியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"நீ தனியாத் தோட்டத்துக்குப் போற நாள்லெல்லாம் பவுண்டரியில போன் மணி அடிச்சா எனக்கு நெஞ்சு திக்குங்குது கண்ணு. அதுதான் சொன்னேன். வேற ஒண்ணுமில்லை."

தேவகி சாலையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "தெரியுமுங்கண்ணா. ஆனா நானே ஓட்டறப்ப எனக்குப் பயமில்லீங்க. பின்னால உக்காந்திருந்தாத்தான் பயம்."

"அதென்னமோ வாஸ்தவம்தான். இப்ப எனக்கும் அப்படித்தான் இருக்குது" என்றார் மச்சான்.

பிற்பகல் 3.31. சிங்காநல்லூர், 195 மைல்.

பல்லடத்தில் நேரம் தவறவில்லை. சூலூரிலும் இரண்டு நிமிஷம் கையிருப்பு இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் வரைபடத்தை மடித்தேன். அப்போதுதான் மில் சங்கு ஊதியது.

மூன்றரை மணி ஷிப்ட் விடுவதை ராலி நடத்தியவர்கள் யோசிக்கவே இல்லை. அவர்கள் யாரும் மூன்றரை மணிக்குத் திருச்சி சாலையில் வந்ததில்லை போலிருக்கிறது. ஒரு மில் கேட் திறந்தது, அடுத்தது திறந்தது, சாலை முழுக்கச் சைக்கிள். சாப்பாட்டுத் தூக்கு தொங்கும் சைக்கிள்கள், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்த சைக்கிள்கள். எங்களுக்கு முன்னால் போன இரண்டு பெரிய கார்கள் ஆரனை அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுபோயின. இன்னும் ஐந்து மைல், ஒன்பது நிமிஷம்.

தேவகி ஓரத்தில் ஒரு சந்து கிடைத்ததும் நுழைத்தாள். மாட்டுவண்டி போகிற அகலம்கூட இல்லை. எங்கள் வண்டிக்கு அது போதும். ஆனால் எதிரில் முழுக்க ஆட்கள். மச்சான் என் தோளுக்கு மேலாக முன் ஜன்னல் வழியே தலையை வெளியே விட்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கத்தினார்.

"ஏனுங்க, கொஞ்சம் வழி உடுங்க! அவசரமுங்க! அப்படி ஓரமா வாங்க சாமி! நல்லா இருப்பீங்க!"

ஆரனுக்கு விலகாதவர்கள் இதற்கு விலகினார்கள். ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்னங்க, ஆஸ்பத்திரிக்குங்களா?" என்று கேட்டார். தேவகி பதில் சொல்ல நிற்கவில்லை. ராமநாதபுரம் வந்தபோது சாலை திறந்துவிட்டது.

பிற்பகல் 3.39. வ.உ.சி. மைதானம், 200 மைல்.

கடைசி மேஜை மைதானத்தின் மறுகோடியில். வண்டிகளுக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். அங்கிருந்து முப்பது கஜம் நடந்து போய் அட்டை கொடுக்க வேண்டும். எங்கள் நேரம் 3.40. நான் இறங்கினேன். இறங்கிச் சீட்டை மடக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். உள்ளே பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் இறங்கட்டும் என்று கால் தானாக நின்றுவிட்டது. பதினான்கு வருஷப் பழக்கம். உள்ளே மச்சான் ஒரு காலை விடுவித்தார், இன்னொரு காலைத் தேடினார். 3.40 ஆயிற்று. தேவகி, "ஏனுங்க!" என்று அலறினாள்.

மச்சான் தலையைத் தூக்கி நான் நிற்பதைப் பார்த்தார். ஏன் நிற்கிறேன் என்பது அவருக்கு ஒருவருக்குத்தான் உடனே புரிந்தது. உள்ளே இருந்தபடியே கையை நீட்டி என் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார்.

"ஓடுய்யா!"

ஓடினேன். நாலு பேர் பார்த்தார்கள். அட்டையை நீட்டியபோது மேஜைக்காரரின் கடிகாரம் 3.41-ஐத் தொட இன்னும் பத்து விநாடி பாக்கி இருந்தது.

மாலை 5.00.

முடிவு சொன்னார்கள். பட்டாளத்து ஜீப்புக்காரருக்கு நாலு மார்க் நஷ்டம், முதல் கோப்பை. எங்களுக்கு ஐந்து, இரண்டாவது. மணலில் மூன்று, மேட்டுப்பாளையத்தில் இரண்டு. அந்த இரண்டு மட்டும் போகாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. வீட்டில் தேவகி வாரம் ஒரு முறை சொல்லிவிடுகிறாள். சின்ன வண்டியால் ராலியில் ஜெயிக்க முடியுமா என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: வண்டியால் முடியும், வண்டியில் வருகிறவர்கள் கொஞ்சம் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ள வேண்டும்.

நான் இதற்கு முன் உதகை போய் எழுதியிருக்கிறேன், கன்னியாகுமரி போய் எழுதியிருக்கிறேன். இந்தப் பயணத்தில் பார்த்ததெல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற ஊர்கள்தான். இருந்தும் வேறு எங்கேயும் போனதைவிட இது தூரமாகத் தோன்றியது. வீட்டுக்குத் திரும்பும்போது ஊர் அப்படியேதான் இருந்தது. நாங்கள் மூன்று பேர்தான் காலையில் போன மாதிரி இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு மச்சான் சட்டைப் பைப் பொத்தானைக் கழற்றிச் சாவியை எடுத்தார். நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் போய் அதைத் தேவகியின் கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார்.

"பத்திரமா வெச்சுக்க கண்ணு. உன்ற வண்டி."

தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அதை மறைக்க நான் போய்க் கதவைத் திறந்து, மச்சான் ஏறிக்கொள்ளச் சீட்டை மடக்கப் போனேன். அவர் என் கையைத் தடுத்தார். அவருடைய கார் இன்னும் சென்னிமலைப் பள்ளத்தில்தான் இருந்தது. பீளமேடு வரை எங்களோடுதான் வர வேண்டும்.

"நீங்க பின்னால ஏறுங்க மாப்பிள்ளை. நான் முன்னால உக்காரணும். அந்தத் திம்பத்து வளைவுல இதை எப்படி ஒடிச்சாளுன்னு கேட்டுக்கணும்."

பதினான்கு வருஷத்தில் முதல் முறையாக நான் பின் சீட்டில் ஏறினேன். உண்மையிலேயே காலை நீட்ட முடியவில்லை.